அறுநூற்றைம்பது வாட் பெட்டி

தையல் கம்பெனி
செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு இடைவேளை

என் அண்ணன் மகள், நான் தலை பின்னி வளர்த்த சிட்டுக்கு,

உன் அத்தை எழுதிக்கொள்வது. கடவுள் கண்ணைத் திறந்து வைத்திருக்கிற வரையில் இங்கே எல்லாரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்தக் குளிரில் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு படுக்கிறாயா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

கையில் போன் இருக்கும்போது அத்தை எதற்குக் காகிதத்தைத் தேடினாள் என்று சிரிப்பாய். போனில் நான் எங்கே பேசுகிறேன்? உன் மாமா ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிடுகிறார். நான் ஒரு வார்த்தை எடுத்தால், இரு இரு, அது அப்படி இல்ல என்று அவர் பத்து வார்த்தை பேசிவிடுகிறார். என் வாயையும் மூட வைக்கிற ஆள் உலகத்தில் அவர் ஒருத்தர்தான். அதனால் பட்டன் தைக்கிற மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதத்தின் மறுபக்கம் கோடு கோடாக இருக்கிறதே என்று பார்க்காதே. சட்டைக் காலர் வெட்டுகிற அளவுத் தாள் அது. எழுதுகிற பக்கம் சுத்தமாகத்தான் இருக்கிறது.

விஷயம் இதுதான். நீ இங்கே விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டருக்கு நல்ல கரண்ட் பெட்டி ஒன்று வேண்டும், பவர் சப்ளை என்பாயே அது. எது வாங்குவது என்று நீ சொல்ல வேண்டும்.

எங்களோடு தங்கிப் படித்த நாலு வருஷத்தில், முன்னறையில் திருகாணியும் ஒயருமாகப் பரப்பிப்போட்டு அதை நீயே கட்டினாய். பெருக்க வந்தால், அத்தை துடைப்பத்தைத் தூக்கிட்டுப் போங்க, தூசி படும் என்பாய். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது அதிலிருந்த கரண்ட் பெட்டியை மட்டும் கழற்றி உன் தோழிக்குக் கொடுத்துவிட்டுப் போனாய். மிச்சமெல்லாம் பழைய போர்வைக்குள் கிடந்தது. உன் மாமா அதை எழுப்பிவிட்டார்.

ஏன் எழுப்பினார் என்றால், அவருக்கு வேறு வேலை இல்லை. பஸ் விஷயத்தை அவர் உனக்குப் போனில் சொன்னது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன், உனக்குள் வைத்துக்கொள். பத்து மாதத்துக்கு முன்னால், பட்டப்பகலில், ரவுண்டானாவில் அவர் ஓட்டின பஸ் திரும்பவில்லை. நேராகப் போய்ப் பூச்செடிமேல் ஏறி, ஒரு பலகையில் முட்டி நின்றது. உள்ளே முப்பத்தொரு பேர். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அன்றைக்குக் கடவுள்தான் பிரேக் பிடித்தார். உன் மாமா இறங்கியதும் சொன்னது, ஸ்டியரிங் லாக் ஆயிடுச்சு என்பதுதான். சத்தியம் செய்தார். மெக்கானிக்குகள் மூன்று தடவை பிரித்துப் பார்த்தார்கள். ஸ்டியரிங்கில் ஒன்றும் இல்லை. கண்டக்டர்தான் மெதுவாகச் சொன்னார்: அண்ணன் ஒரு அரை நிமிஷம் கூப்பிட்டதுக்குத் திரும்பல, முழிச்சுக்கிட்டே இருந்தாரு, ஆனா அங்க இல்ல.

பிறகு ஆஸ்பத்திரி, தலையில் ஒயர் ஒட்டிப் படம், விழாமலே வருகிற ஒரு வகை வலிப்பாம், மாத்திரை. பன்னிரண்டு மாதம் இந்த மாதிரி ஒரு தடவைகூட வராமல் இருந்தால்தான் திரும்ப வண்டி ஓட்டக் கையெழுத்துப் போடுவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபத்தெட்டு வருஷம் ஓட்டின மனுஷனை டிப்போவில் டைம் ஆபீஸ் கூண்டுக்குள் உட்காரவைத்து, எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் நடக்கிறார். வாசலிலிருந்து அடுப்படிக்குப் பதினோரு எட்டு, திரும்பப் பதினோரு எட்டு. நான் ஜெபம் செய்ய உட்கார்ந்தால், கண்ணை மூடின பிறகும் அந்தச் செருப்புச் சத்தம்தான் கேட்கிறது. கடவுளே, இவர் காலுக்கு ஒரு வழி காட்டு என்றுதான் கேட்டேன்.

வழி வந்தது. டிப்போவில் ஒருத்தர் சொல்லி, கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிற ஆட்டம் ஒன்று கிடைத்தது. மேசையில் இறுக்குகிற ஸ்டியரிங், கீழே மிதிக்கிற கட்டைகள், எல்லாம் வாங்கி வந்துவிட்டார். அதில் உட்கார்ந்தால் மனுஷன் நடக்கிறதில்லை சிட்டு. ரெண்டு மணி நேரம் வீடு அமைதியாக இருக்கிறது. சிவப்பு விளக்கு வந்தால் நிற்கிறார். கண்ணாடி பார்க்கிறார். ஆளில்லாத ரோட்டில் இண்டிகேட்டர் போடுகிறார். பொம்மை லாரிக்கு எதுக்குங்க இவ்வளவு ஒழுங்கு என்றேன். உனக்கென்ன தெரியும், கை கெட்டுப்போயிடும் என்றார்.

ஆனால் ஏதோ ஒரு பழைய டப்பாவிலிருந்து கழற்றிய மலிவுப் பெட்டியைப் போட்டிருக்கிறார். மழையில், ஊருக்குள், நிறைய வண்டி வருகிற இடத்துக்குப் போனால் போதும், டப் என்று எல்லாம் அணைந்துவிடுகிறது. காற்றாடிச் சத்தம்கூட நின்றுவிடுகிறது. பட்டனை அமுக்கித் திரும்ப எழுப்ப வேண்டியிருக்கிறது. எழுந்து மறுபடி நடக்க ஆரம்பித்துவிடுகிறார்.

அவர் கூண்டிலிருந்து வருவதற்குள் கம்ப்யூட்டர் கடை சாத்திவிடுகிறது என்பதால் நான் போனேன். கடைக்காரர் நல்ல மாதிரி. ஸ்க்ரூடிரைவரைப் பென்சில் மாதிரி காதில் செருகியிருக்கிறார். எத்தனை வாட்ம்மா வேணும் என்றார். நீங்களே பார்த்துக் குடுங்க என்றேன். வெண்கலமா, தங்கமா என்றார். நான் இதென்ன நகைக்கடையா என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, கரண்டை எவ்வளவு வீணாக்காம தருதுங்கிறதுக்கு அப்படி ஒரு முத்திரை, மத்தபடி தங்கமெல்லாம் உள்ளே கிடையாது என்றார். கிராபிக்ஸ் கார்டு என்ன, பிராசசர் என்ன, பெட்டிக்குள்ள எவ்வளவு நீளத்துக்கு இடம் இருக்கு என்று அடுக்கினார். அதைக் கட்டினவளைக் கேட்டு வருகிறேன் என்று வந்துவிட்டேன்.

பதிலை இந்தத் தையல் கம்பெனி விலாசத்துக்கே எழுது. சீக்கிரம் எழுது. உன் தலைமாட்டில் சாமி காவல் இருக்கட்டும்.

உன்னை நினைக்காத வேளையில்லாத
அத்தை

•

தையல் கம்பெனி
வெள்ளிக்கிழமை, ஐந்து வாரம் கழித்து

என் சிட்டுக்கு அத்தையின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் வந்தது. நீ சொன்ன கணக்கைக் கடைக்காரரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். கார்டும் பிராசசரும் சேர்ந்து குடிக்கிறதைக் கூட்டி, அதில் பாதியை மேலே போட்டு, அறுநூற்றைம்பது வாட், வெண்கலமே போதும், பெயர் தெரிந்த கம்பெனி, ஐந்து வருஷ வாரண்டி. அவர், எழுதினது யாரும்மா என்றார். என் அண்ணன் மகள் என்றேன். விவரமான பொண்ணு என்றார். நான் அங்கேயே கொஞ்சம் உயரமாகிவிட்டேன்.

பழைய பெட்டியின் ஒயரைப் புதுப் பெட்டியில் மாட்டக்கூடாது, வாய் பொருந்தினாலும் உள்ளே வேறு வேறாக இருக்கும், எரிந்துபோகும் என்று மூன்று கோடு போட்டு எழுதியிருந்தாயே, நல்லவேளை. உன் மாமா அதைத்தான் செய்யப் போனார். உள்ளே போயிருக்கிற ஒயரை எதுக்குப் பிடுங்கணும், அழகா பொருந்துதே என்றார். நான் உன் கடிதத்தை முகத்துக்கு நேரே நீட்டினேன். இஞ்சினியரம்மா சொன்னா சரி என்று பிடுங்கிப்போட்டார். நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா?

மாட்டியபிறகு ஒரு வாரம் எங்கள் வீடு வீடாக இருந்தது. ஊருக்குள் மழையில் ஓட்டினார், அணையவில்லை. மலைப்பாதையில் ஓட்டினார், அணையவில்லை. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். ரோட்டோரம் மரமெல்லாம் அசைகிறது சிட்டு, ஒவ்வொரு இலையாக. நான் பூண்டு உரித்துக்கொண்டே அவரோடு ஒரு பாலம் தாண்டினேன். கல்யாணமான புதிதில் ஒரு தடவை அவர் ஓட்டின பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து போனது நினைவு வந்தது. அவரும் அதைத்தான் நினைத்தார்போல. டிக்கெட் எடுத்தியா என்றார்.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. மறுபடியும் அணையுது என்கிறார். உன்னிடமும் போனில் சொன்னார், நீயும் ஏதேதோ சோதிக்கச் சொன்னாய். சுவர் பிளக்கை மாற்றினார். ஒயரையெல்லாம் கழற்றி மாட்டினார். கார்டைத் துடைத்தார். ரெண்டு நாள் நன்றாக ஓடும், மூன்றாம் நாள், போச்சு, திரும்பவும் பண்ணிடுச்சு என்று எழுந்து நடக்க ஆரம்பிப்பார். இப்போது எண்ணூற்றைம்பது வாட் வேண்டும் என்று நிற்கிறார். நீயும் சரி மாமா, நான் அனுப்புறேன் என்று சொல்லிவிட்டாய்.

நான் ஒன்று செய்தேன். நேற்று லீவு போட்டு, அந்தக் கம்ப்யூட்டரைத் துணி மூட்டை மாதிரி போர்வையில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். பக்கத்திலிருந்த அம்மா, குழந்தைக்கு உடம்பு சரியில்லையா என்று எட்டிப் பார்த்தார். கடைக்காரர் அதை ஒரு மேசையில் வைத்து, முழு பாரம் கொடுத்து ஓட விட்டார். மூன்று மணி நேரம் ஓடியது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து மனசுக்குள் ஜெபித்துக்கொண்டே இருந்தேன். அணைந்துவிடு, அணைந்துவிடு என்று ஜெபித்தேன் சிட்டு. ஒரு பொருள் கெட்டுப்போகட்டும் என்று நான் கடவுளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. அது அணையவில்லை.

அப்போது கடைக்காரர் கேட்டார். அணைஞ்ச பிறகு சார் என்ன பண்றாரு, பட்டனை அமுக்கி எழுப்புறாரா? நான், இல்லைங்க, அதுவே வந்துடுது, ஆனா லாரி பள்ளத்துல கிடக்குதாம் என்றேன். அவர் காதிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து மேசைமேல் வைத்தார். அம்மா, பவர் சப்ளை விட்டுச்சுன்னா அப்படி வராது. மொத்தமா செத்து, முதல்லருந்து எந்திரிக்கணும். பாஸ்வேர்டு கேக்கும். ஆட்டத்தைப் புதுசா தொறக்கணும். நடு ரோட்டுல விட்ட இடத்துலருந்து லாரி ஓடிட்டே இருக்காது. பெட்டி நல்லாத்தான் இருக்கு, இதுக்கு மேல பெருசு நான் விக்க மாட்டேன் என்றார். வியாபாரி ஒருத்தர் விற்க மாட்டேன் என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை.

போர்வையை எடுத்து முடிச்சுப் போட்டேன். முடிச்சு விழவே இல்லை.

சிட்டு, கடைக்காரர் சொன்னது சரியா? இந்தக் கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்தால் அதுவே எங்கேயோ எழுதி வைத்துக்கொள்ளுமாமே. நீ அங்கேயிருந்தே உள்ளே போய்ப் பார்ப்பாயே, அந்த மாதிரி பார். மாமாவிடம் சொல்லாதே. எனக்கு மட்டும் எழுது. டாக்டரைப் பார்க்கிற தேதிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. உன் மாமா தன் பழைய டிரைவர் காக்கிச் சட்டையைக் கொடுத்து, தோளில் பிடிக்குது, கொஞ்சம் விட்டுத் தை என்றிருக்கிறார். இப்போது என் மடியில் அதுதான் இருக்கிறது. மேலே எழுத முடியவில்லை, மணி அடித்துவிட்டார்கள்.

அத்தை

•

தையல் கம்பெனி
திங்கட்கிழமை, இரண்டு வாரம் கழித்து

கண்ணே சிட்டு,

உன் கடிதத்தைச் சூப்பர்வைசரம்மா என் கையில் கொடுத்தார். ஊசியை எடுத்து வைத்துவிட்டு, துணி மூட்டை அடுக்குகிற அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் பிரித்தேன். ஒரு பக்கம்தான் எழுதியிருந்தாய். பழைய பெட்டி இருந்தபோது பதினான்கு தடவை திடீரென்று அணைந்ததாக அதுவே குறித்து வைத்திருக்கிறது, புதுப் பெட்டி போட்ட நாளிலிருந்து ஒரு தடவைகூட இல்லை, எனக்குப் பயமாக இருக்கிறது அத்தை, நீங்களே மாமாகிட்ட சொல்லுங்க என்று எழுதியிருந்தாய்.

நானும் பார்த்துவிட்டேன் சிட்டு. உன் கடிதம் வருவதற்கு நாலு நாள் முன்னால்.

ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து. கருவேப்பிலை ஆய்ந்துகொண்டே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நெடுஞ்சாலை, நல்ல வெயில் ஆட்டத்தில். என்னிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். இந்த வளைவுல பாரு என்றார். அதோடு நின்றுவிட்டது. நான் நிமிர்ந்து பார்த்தேன். வலது கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவித் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தது. வாய் எதையோ மெல்லுகிற மாதிரி. கண் திறந்துதான் இருந்தது. என்னங்க என்றேன். என்னங்க, என்னங்க என்றேன். படம் அணையவே இல்லை சிட்டு. லாரி கோட்டைத் தாண்டி, தடுப்பை உரசிக்கொண்டு, எதிரே வந்த ஒரு வண்டியைத் தள்ளிவிட்டுப் பள்ளத்தில் போய்ச் சாய்ந்தது. இஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. கால் மிதித்தபடியே இருந்தது, எடுக்கவில்லை. நான் ஜெபத்தில் ஒரு அடிதான் சொல்லியிருப்பேன். அது எத்தனை நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு ஒரு பெருமூச்சு விட்டார். கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, பாத்தியா, நீயே பாத்தே இல்ல, அணைஞ்சு வந்துடுச்சு என்றார்.

நான் ஆமாங்க என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்கு நான் எத்தனை நாள் முழங்கால் போட்டாலும் தீராது. சாமி படத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்து சொன்னேன். அவர் பொய் சொல்லவில்லை சிட்டு, அதை நீ புரிந்துகொள்ள வேண்டும். அவருக்கு உள்ளேயிருந்து பார்த்தால் அது அப்படித்தான் இருக்கிறது. வளைவு இருந்தது, அடுத்த நொடி பள்ளம் இருந்தது. நடுவில் யாரோ விளக்கை அணைத்துப் போட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் ஸ்டியரிங் லாக் ஆனதும் இப்படித்தான் ஆகியிருக்கும். பொய் சொன்னது நான்தான்.

அதற்கப்புறம் என் கையும் காலும் நிற்கவில்லை. இப்போது அவர் ஒரு பக்கம் நடக்கிறார், நான் ஒரு பக்கம் நடக்கிறேன். நடையில் முட்டிக்கொள்கிறோம். உனக்கென்னடி ஆச்சு என்கிறார். பட்டன் வைத்த சட்டையிலேயே மறுபடி பட்டன் வைக்கிறேன். சூப்பர்வைசரம்மா எட்டுச் சட்டையைத் திருப்பிக் கொடுத்து, உங்க வேலையா இது என்றார். டிப்போ பக்கம் பஸ் போனால் ஜன்னல் ஜன்னலாகப் பார்க்கிறேன். தூங்குகிற ஒரு அம்மா, மடியில் ஸ்கூல் பையோடு ஒரு பெண், கம்பியைப் பிடித்து நிற்கிற ஆள். எல்லாரும் டிரைவரின் முதுகை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் எட்டிப் பார்த்து முகம் எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை.

நீங்களே சொல்லுங்க என்கிறாய். சொல்லலாம். போன தடவை டாக்டர் என்னைத்தான் கேட்டார்: கூடவே இருக்கிறது நீங்கதாம்மா, ஏதாவது பாத்தீங்களா? இல்லை என்றேன், அப்போது அது நிஜம். இந்தத் தடவையும் என்னைத்தான் கேட்பார். அங்கே நான் பார்த்ததைச் சொல்லத்தான் போகிறேன். அதில் எனக்கு ரெண்டாவது நினைப்பு இல்லை. மாத்திரையை மாற்றுவார்கள், பன்னிரண்டு மாதத்தைத் திரும்ப முதலிலிருந்து எண்ணச் சொல்வார்கள். அதுவும் நல்லதற்கே என்று சாமியிடம் ஒப்படைத்துவிட்டேன்.

ஆனால் டாக்டர் முன்னால், வேறு ஆட்கள் உட்கார்ந்திருக்கிற வரிசையில், தன் பெண்டாட்டி வாயிலிருந்து முதல் தடவையாக இதை அவர் கேட்கக்கூடாது. அப்படிக் கேட்டால் என் முகத்தை அவர் திரும்பப் பார்ப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் வைத்து நான் சொன்னால் நம்ப மாட்டார். உனக்குக் கம்ப்யூட்டரைப் பத்தி என்ன தெரியும், நீ கருவேப்பிலை ஆய்ஞ்சிட்டு இருந்தே என்பார். என் ஆமாங்கவை எடுத்து என் மேலேயே போடுவார். அது நியாயமும்கூட. டாக்டர் சொன்னால், இருபத்தெட்டு வருஷம் ஓட்டினவனுக்கு இவரு சொல்லித் தர்றாரு என்பார். அவர் மறுபேச்சில்லாமல் கேட்கிறது மெஷின் விஷயத்தில் உன்னிடம் மட்டும்தான். பொருந்தின ஒயரையே பிடுங்கினாரே!

அதனால் உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், சின்னவள் என்றும் பார்க்காமல் கேட்கிறேன். அந்த எண்ணூற்றைம்பது வாட் பெட்டியை அனுப்பாதே. அனுப்பினால் அவர் அதை மாட்டி, ரெண்டு நாள் நன்றாக ஓட்டி, இப்ப சரியாயிடுச்சு என்று நினைத்துக்கொண்டே டாக்டரிடம் போய்விடுவார். ஆயிரம் வாட் வாங்கினாலும் அந்த இடத்துக்குக் கரண்ட் போய்ச் சேராது.

இந்தக் கடிதம் கைக்கு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, எங்கள் நேரப்படி, கூப்பிடு. பெட்டி நல்லா இருக்கு மாமா என்று சொல். புதுசு போட்டதுலருந்து ஒரு தடவைகூட அணையல, மெஷினே எழுதி வச்சிருக்கு, தேதி வாரியாப் படிக்கட்டுமா என்று கேள். படிக்கச் சொன்னால் படி. அவ்வளவு போதும். உடம்பு, டாக்டர், மாத்திரை, ஒரு வார்த்தையும் நீ எடுக்காதே. அவர் மெக்கானிக்குகளோடு பழகின மனுஷன். வண்டியில் கோளாறு இல்லை என்றால் அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்கே தெரியும். மிச்சத்தை நான் சொல்லிக்கொள்கிறேன். என் பொய்யையும் சேர்த்து.

இன்னொன்று. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லாதே. டிப்போக்காரர்கள் சொல்லுவார்கள், என் தம்பிகூடச் சொல்லுவான். அந்தத் திரை வெளிச்சம் அவருக்குக் கெடுதலா என்று டாக்டரிடம் நானே கேட்டுக்கொள்கிறேன். அவர் வேண்டாம் என்று சொல்லாத வரையில் ஓட்டட்டும். அந்த லாரியில் யாரும் கைகாட்டி ஏறுவதில்லை.

நீ சொல்லி முடித்ததும் அவர் பேசாமல் இருப்பார். ரொம்ப நேரம் இருப்பார். லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்து வைத்துவிடாதே சிட்டு. வேலைக்கு நேரமாகிறது என்று அவசரப்படாதே. அன்றைக்கு ஒரு நாள் அந்தக் குளிரில் போனைப் பிடித்துக்கொண்டு நில். அவர் ஏதாவது சொல்லுகிற வரையில், இல்லை எழுந்து நடக்க ஆரம்பிக்கிற வரையில். நடந்தால் நானும் கூட நடப்பேன்.

உன் நாக்கில் சாமி வந்து உட்காரட்டும். நீ சொல்லுகிற ஒவ்வொரு வார்த்தையும் அவருக்கு மெத்துமெத்தென்று விழட்டும். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மறந்துவிடாதே, கண்ணே.

உன்
அத்தை